பாலத்தில் என் தாலியை எடுத்துக் கொடுத்தவள்

இதை எழுத வேண்டும் என்று நோட்டைத் திறப்பதும் மூடுவதுமாகவே ஏழு வருஷம் போய்விட்டது. நான் படித்தது எட்டாம் வகுப்பு. எழுத்துப் பிழை வந்தால் பிள்ளைகள் சிரிக்குமே என்பது ஒரு பயம். அது சின்னப் பயம்தான். பெரிய பயம் வேறு. நடந்ததை நடந்தபடி எழுதினால் எனக்கு வேண்டியவர்கள் சிலருக்கு மனசு கோணும். எழுதாமல் விட்டால், எனக்கு உதவி செய்த ஒருத்திக்கு நான் செய்த பிழை அப்படியே கிடக்கும். காலையில் சாமிக்கு விளக்கேற்றும்போது "இன்றைக்கு எழுதிவிடுகிறேன் தாயே" என்று சொல்வேன். பிறகு சமையல், மாவு ஆட்டுவது, தண்ணீர் பிடிப்பது என்று பொழுது போய்விடும். இந்த ஆடி பிறந்ததும் இனிமேல் தள்ளக்கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஆட்களின் பெயர் எதையும் எழுதவில்லை. அந்த ஊர் பெயரும் ஆற்றின் பெயரும்கூட வேண்டாம். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

நாங்கள் இருப்பது தாராவியில். கல்யாணம் முடிந்து திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள் நான். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடப் பை தைக்கிற சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். ஒரே மகள், முலுண்டில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். அந்த வருஷம் சித்திரையில் அவருக்கு நெஞ்சில் வலி வந்தது. டெஸ்ட் எல்லாம் எடுத்துப் பார்த்து, மூன்று இடத்தில் அடைப்பு இருக்கிறது, பைபாஸ் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார்.

அவர் பயந்த ஆள் இல்லை. பட்டறையில் தீப்பிடித்தபோது கையால் சாக்கை இழுத்துப் போட்டு அணைத்தவர். ஆனால் சகுனம் என்று வந்துவிட்டால் ஆள் மாறிவிடுவார். ஆபரேஷனுக்கு முதல் தேதி கொடுத்தார்கள். பையெல்லாம் கட்டி வாசல் தாண்டியதும் செருப்பு வார் அறுந்தது. "இன்னைக்கு வேண்டாம்ளா" என்று திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது தேதியன்று காலையில் பால் திரிந்துபோனது. பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "பாத்தியா? பாலே சொல்லுது" என்றார். அன்றைக்கும் போகவில்லை. மகள் அழுதாள், நான் கத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை.

மூன்றாவது தேதி வாங்கப் போனபோது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மாஜி, இந்தத் தடவையும் கூட்டி வராவிட்டால், அடுத்தது நீங்கள் தேதி கேட்டு வர மாட்டீர்கள். ஆம்புலன்சில்தான் வருவீர்கள்" என்றார். அந்தத் தேதி ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின சனிக்கிழமை ஆடிப் பதினெட்டு.

ஆடிப் பதினெட்டு அன்று எங்கள் பக்கத்துப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றுவோம். புது மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக் கட்டிக்கொண்டு, பழைய கயிற்றைப் பூவோடும் கருகமணியோடும் ஓடுகிற தண்ணீரில் விடவேண்டும். மும்பையில் ஓடுகிற தண்ணீருக்கு எங்கே போவது? எங்கள் பேட்டைக்குப் பின்னால் ஓடுவதும் ஒரு ஆறுதான். ஆனால் அதில் தாலிக்கயிற்றை விட யாருக்கு மனசு வரும்? ஒவ்வொரு வருஷமும் கடலில் விடுவோம், இல்லாவிட்டால் துளசித் தொட்டியில் புதைப்போம். அந்த வருஷம் பக்கத்து வீட்டு மதினி ஒரு திட்டம் போட்டாள். சொந்த மதினி இல்லை. எங்கள் ஊருக்கு நாலு கல் தள்ளிப் பிறந்தவள் என்பதால் அந்த முறை. கோவில் பூஜை, குலவை, பிரசாதம் எல்லாவற்றுக்கும் அவள்தான் முன்னால் நிற்பாள்.

"மலைப்பக்கம் ஒரு ஆறு இருக்காம்ட்டி. பழைய கல்லுப் பாலமாம். அடியில தண்ணி பொங்கிக்கிட்டுப் போகுமாம். வேன் பேசியாச்சு. இந்த வருஷம் நம்ம கயிறு தொட்டி மண்ணுல மக்காது" என்றாள்.

வீட்டுக்காரரும் வருகிறேன் என்றார். வண்டியில் உட்கார்ந்து போகலாம், ரொம்ப நடக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மலைக்காற்று பட்டால் அவர் மனசு கொஞ்சம் தெளியும் என்று நானும் சரி என்றேன்.

விடிகாலையில் புளிச்சாதம், தேங்காய்ச்சாதம், எலுமிச்சைச்சாதம் எல்லாம் கட்டிக்கொண்டு பதினாலு பெண்கள் கிளம்பினோம். ஆம்பளை என்று டிரைவரும் என் வீட்டுக்காரரும்தான். காட்கோபர் தாண்டும்வரை ஒரே மழை. மலையேறும்போது மழை நின்று மேகம் ஜன்னலுக்குள் வந்தது. எங்கே பார்த்தாலும் பச்சை. பாறையெல்லாம் வெள்ளை வெள்ளையாக அருவி. பின் சீட்டுப் பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டு வாய்பிளந்து பார்த்தார்கள்.

பாலத்தை முதலில் பார்த்தபோது எனக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றியது. இரண்டு பக்கமும் மலை சுவர் மாதிரி நிற்கிறது. நடுவில் ஆழத்தில் ஆறு காப்பி நிறத்தில் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. அதற்குமேல் கருங்கல்லை வளைத்து வளைத்துக் கட்டிய பாலம், ஏழு கண். கல் இடுக்கெல்லாம் பாசியும் புல்லும். ஒரு தூண் வெடிப்பில் அரசங்கன்று முளைத்து நின்றது. அதை வெள்ளைக்காரன் கட்டினான் என்றார் டிரைவர். அவனுக்கும் முந்தினது என்றார் டீக்கடைக்காரர். சற்றுத் தள்ளி சிமெண்டில் புதுப் பாலம் கட்டி லாரியெல்லாம் அதில் போகிறது. பழைய பாலத்தில் ஆள் மட்டும் நடக்கலாம்.

என் வீட்டுக்காரர் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பாலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏளா, கிழவனுக்குப் பைபாஸ் போட்டுட்டானுவ பாத்தியா? போட்டதுக்கு அப்புறம் எப்படி நிம்மதியா நிக்கான்" என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் அப்படிப் பேசிக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை கூட்டிக்கொண்டு போய்விடலாம் என்று அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரை ராகு காலம். அதற்குள் தாலியில் கை வைக்கக்கூடாது என்றாள் மதினி. பாலத்தின் இந்தக் கரையில் செந்தூரம் பூசின ஒரு கல் சாமி, தகரக் கூரை போட்டு. அங்கே வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தோம். பத்தரை ஆனதோ இல்லையோ, ஒரு போலீஸ்காரர் விசில் ஊதிக்கொண்டு வந்தார். மேலே மழை பலமாம், தண்ணீர் ஏறுமாம், இன்னும் கால் மணியில் பாலத்தை மூடப்போகிறாராம். "சலோ சலோ, ஜல்தி கரோ!"

எங்கள் வழக்கம் இப்படி. கழுத்து வெறுமையாக இருக்கக்கூடாது. அதனால் முதலில் புதுக்கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்துக் கட்டிக்கொள்வோம். பிறகு பழைய கயிற்றைக் கழற்றி, அதிலுள்ள தங்கத் தாலியையும் குண்டுமணியையும் உருவிப் புதுக்கயிற்றுக்கு மாற்றுவோம். நான் மஞ்சள் துண்டைக் கட்டினேன். பழைய கயிற்றைத் தாலியோடு கழற்றி, மடியிலிருந்த வாழை இலையில், பூ, வளையல், கருகமணி எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். கயிற்றில் போட்ட முடிச்சு இறுகிக் கிடந்தது. நகத்தால் நெருடிக்கொண்டிருந்தேன். அதற்குள் மறுபடி விசில். காதுக்குப் பக்கத்தில் மதினி. "எந்திரிங்கட்டி! எல்லாத்தையும் மடிச்சுக் கட்டு! மூடிட்டான்னா வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்!"

மடித்தேன். நாரால் கட்டினேன். ஓடினேன்.

பாலத்தின் நடுவில் நின்று, கைப்பிடிச் சுவருக்கு வெளியே கையை நீட்டி, கண்ணை மூடினேன். "தாயே, அவர் செவ்வாய்க்கிழமை உள்ளே போகணும், நல்லபடியா வெளியே வரணும்" என்று வேண்டிக்கொண்டு பொட்டலத்தை விட்டேன். எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. குலவை போட்டார்கள். போலீஸ்காரர் எல்லோரையும் ஓட்டிக்கொண்டு வந்து கரையில் விட்டு, கயிறு கட்டிப் பாலத்தை மூடினார்.

தகரக் கூரைக்கடியில் மதினி குங்குமச் சிமிழை நீட்டினாள். எல்லோரும் தாலியை வெளியே எடுத்துக் குங்குமம் வைத்தார்கள். நானும் எடுத்தேன். கையில் வந்தது மஞ்சள் துண்டு மட்டும்.

அந்த நிமிஷத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. காதில் ஆற்றுச் சத்தம் நின்றுபோனது. மதினி என் கழுத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். "எங்கட்டி?" என்றாள். நான் பாலத்தைக் காட்டினேன்.

"அடிப் பாவி!"

"கத்தாதிய மயினி. அவுக காதுல விழுந்துரும்."

அதுதான் எனக்கு முதலில் தோன்றியது. தங்கம் போனது தோன்றவில்லை. அபசகுனம்கூட இரண்டாவதுதான். இருபதடி தள்ளி டீக்கடைப் பெஞ்சில் என் வீட்டுக்காரர் எங்களுக்கு முதுகைக் காட்டி, புதுப் பாலத்து லாரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். செருப்பு வார் அறுந்ததற்கே திரும்பினவர். பெண்டாட்டி தாலியை ஆற்றில் விட்டாள் என்று தெரிந்தால், செவ்வாய்க்கிழமை இல்லை, எந்தக் கிழமையிலும் அவரை அந்த ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுபோக முடியாது. டாக்டர் சொன்ன ஆம்புலன்ஸ்தான் கண்ணில் வந்து நின்றது.

நான் கயிற்றைத் தாண்டிப் பாலத்துக்குள் ஓடினேன். மதினி பின்னாலேயே வந்தாள். விசில் பறந்தது. போலீஸ்காரர் எங்களைப் பிடிக்க வந்தார். அப்போது பாலத்து முனையில் நீலத் தார்ப்பாய்க்கடியில் மக்காச்சோளம் சுட்டுக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்து வந்தாள். நாற்பது வயசிருக்கும். வெளுத்துப்போன பச்சைப் புடவை.

"காய் ஜாலம்?" என்று கேட்டாள். என்ன ஆச்சு என்று.

எனக்கு மராட்டி வராது. தாராவி இந்திதான். அதுவும் அப்போது வரவில்லை. கழுத்தைத் தொட்டுக் காட்டி, கீழே ஆற்றைக் காட்டினேன்.

"மங்கள்சூத்ர?" என்றாள்.

தலையாட்டினேன். அவள் போலீஸ்காரர் பக்கம் திரும்பி மராட்டியில் ஒரு பாட்டுப் பாடினாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. இவள் மங்கள்சூத்திரம் போயிருக்கிறது, நீ பீப்பி ஊதிக்கொண்டு நிற்கிறாயா, உன் வீட்டில் பெண்டாட்டி இல்லையா என்கிற மாதிரி. அவர் வாயிலிருந்து விசிலை எடுத்தார். "தஸ் மினிட்" என்று பத்து நிமிஷம் கொடுத்துவிட்டு எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

நான் பொட்டலத்தை விட்ட இடத்தில் மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். கண்ணை மூடிக்கொண்டு விட்டவள் நான். அது எங்கே விழுந்தது என்று எனக்கே தெரியாது. கீழே காப்பித் தண்ணீர்தான் தெரிந்தது. தாலி இத்தனை நேரம் கடல் பாதி தூரம் போயிருக்கும் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ரடூ நகோஸ்" என்றாள் அவள். அழாதே என்று. பிறகு விரலை நீட்டினாள். "தே பக." அங்கே பார்.

தூணின் அடியில் வெள்ளத்தைக் கிழிப்பதற்காகக் கல்லைக் கூர்மையாக முன்னால் தள்ளிக் கட்டியிருந்தார்கள். அதன் தலையில் ஒரு முறம் அகலத்துக்குத் தட்டையான இடம். அதில் முளைத்த புல்லில் என் வாழை இலைப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. எதிர்க்காற்று அதைத் தள்ளிக்கொண்டு வந்து அங்கே போட்டிருக்கிறது. பூ எல்லாம் சிதறி, மஞ்சளாக ஒரு கோடு தெரிந்தது. எங்கள் காலிலிருந்து இரண்டு ஆள் உயரம் கீழே. அதற்கு ஒரு முழம் கீழே தண்ணீர்.

அவள் ஓடிப்போய்த் தன் கடையிலிருந்து ஒரு கயிறு கொண்டுவந்தாள். நுனியில் மூன்று முனை இரும்புக் கொக்கி. வெள்ளத்தில் வருகிற கட்டையைப் பிடித்து இழுக்க அந்த ஊர்க்காரர்கள் வைத்திருப்பது. அவள் அடுப்புக்கு விறகே அதுதானாம். கைப்பிடிச் சுவர்மேல் குப்புறப் படுத்தாள். பாதி உடம்பு வெளியே. "மாஜே பாய் தரா" என்றாள். காலைப் பிடித்துக்கொள்ளச் சொல்கிறாள் என்று புரிந்தது. இடது காலை நான் பிடித்தேன். வலது காலை மதினி பிடித்தாள்.

வெடித்த பாதம். சேறு. விரலில் மெட்டி இல்லை. மெட்டி கிடந்த தடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அப்போதுதான் கவனித்தேன், கழுத்திலும் கறுப்பு மணி இல்லை, நெற்றியிலும் ஒன்றும் இல்லை. மதினியும் பார்த்துவிட்டாள்.

"ஏட்டி... கால்ல மெட்டி இல்ல" என்றாள் மெதுவாக.

"தெரியுது மயினி."

"புருஷன் இல்லாதவட்டி. தாலிய அவ கையாலயா..."

"நீங்க காலப் பிடிங்க மயினி!"

கொக்கி முதல் தடவை கல்லில் பட்டுச் சிதறின பூவைத் தட்டிவிட்டது. அது தண்ணீரில் விழுந்து நாங்கள் பார்க்கப் பார்க்கக் காணாமல் போனது. இரண்டாவது தடவை இலையை இழுத்துக் கிழித்தது. வளையல் ஒன்று உருண்டு விழுந்தது. மதினி கண்ணை மூடிக்கொண்டு "தாயே தாயே" என்றாள். நான் கண்ணை மூடவில்லை. ஒரு தடவை மூடினது போதும் என்றிருந்தது. மூன்றாவது தடவை அவள் அவசரப்படவில்லை. கயிற்றை ஆடாமல் நிறுத்தி, காற்று அடங்கட்டும் என்று பொறுத்து, புல்லுக்குள் கொக்கியை நுழைத்து மெதுவாகச் சுண்டினாள். மஞ்சள் கயிறு கொக்கியில் ஏறியது. நுனியில் தாலி ஆடியது.

அது மேலே வருகிறவரை மூச்சு விட்டேனா என்று தெரியாது. அவள் எழுந்து உட்கார்ந்தாள். நெஞ்செல்லாம் பாசி. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். கொக்கியிலிருந்து கயிற்றை எடுத்துத் தாலி இருக்கிறதா, குண்டுமணி இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து, சிரித்துக்கொண்டே என் பக்கம் கையை நீட்டினாள்.

நானும் கையை நீட்டினேன். பாதியில் என் கை நின்றது. ஒரு நொடிதான். அவள் அதைப் பார்த்துவிட்டாள். நீட்டின கையை இழுத்து, தாலியைச் சுவர்க்கல்லின் மேல் வைத்தாள். "மேரே ஹாத் ஸே நஹி, பெஹன். தூ உட்டா லே" என்றாள். என் கையிலிருந்து வேண்டாம், நீயே எடுத்துக்கொள் என்று.

நான் கல்லின் மேலிருந்து எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு நிம்மதியாக இருந்தது. தாலி கிடைத்த நிம்மதி மட்டும் இல்லை, அவள் கையிலிருந்து வாங்காமல் போனதிலும் ஒரு நிம்மதி. இந்த ஒரு வரியை எழுதத்தான் ஏழு வருஷம் ஆனது.

போலீஸ்காரர் திரும்பிப் பார்த்து, "மில் கயா?" என்றார், கிடைத்ததா என்று. "மில் கயா" என்று நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம். அவரும் சிரித்துவிட்டார்.

அவள் கடைத் தார்ப்பாய்க்கடியில் உட்கார்ந்து தாலியைக் கோத்தேன். அவள் நாங்கள் சொல்லாமலே முதுகைத் திருப்பிக்கொண்டு அடுப்பை விசிறினாள். மதினிக்கு மனசு ஆறவில்லை. பாலில் கழுவாமல் கட்டக்கூடாது என்று டீக்கடைக்கு ஓடினாள். அங்கே என் வீட்டுக்காரர் குரல் கேட்டது.

"என்ன தங்கச்சி, பச்சப் பாலு எதுக்கு?"

"இங்கன ஒரு புத்து இருக்குண்ணே. பாம்புக்கு."

"மழைத்தண்ணி நெறஞ்ச புத்துல பாம்பு இருந்து பாலு குடிக்குமா?"

"ஒங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரு கேள்வி!"

அந்தப் பெண்ணிடம் மூன்று வகைச் சாதத்தையும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். "எதுக்கு இவ்வளவு பயந்தாய்?" என்று இந்தியில் கேட்டாள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன், அவர் சகுனம் பார்க்கிறவர் என்று சொன்னேன். அவள் சோளத்தைத் திருப்பிப் போட்டாள். தன் புருஷனுக்கும் நெஞ்சுவலிதான் என்றாள். நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று சொல்லிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகவில்லையாம். "சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருக்கணும். நான் விட்டுவிட்டேன். நீ விடாதே" என்றாள்.

பிறகு ஒரு நல்ல சோளமாகப் பொறுக்கி எலுமிச்சையும் உப்பும் தேய்த்து, தானே டீக்கடைக்கு நடந்துபோய் என் வீட்டுக்காரரிடம் நீட்டினாள். "தாதா, மங்கள்வார் கோ ஜானா. பக்கா?" என்றாள். செவ்வாய்க்கிழமை போகணும், உறுதிதானே?

அவர் திகைத்துப்போய் வாங்கிக்கொண்டார். வண்டியில் ஏறும்போது என்னிடம், "யாருன்னே தெரியாத பொம்பள, கெழமைய சரியாச் சொல்லுதா பாரு. நல்ல வாக்குளா. போயிருவோம்" என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் செருப்பும் அறுந்தது, பூனையும் வந்தது. மனுஷர் எதையும் பார்க்கவில்லை. ஆறு மணி நேரம் ஆபரேஷன். நானும் மகளும் வராந்தாவில் கந்தர் சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டே இருந்தோம். டாக்டர் வெளியே வந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அன்றைக்கு நான் தூங்கின மாதிரி அதற்கு முன்னும் தூங்கியதில்லை, பின்னும் தூங்கியதில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு ஒருநாள் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார், கும்பிடுவார், என்ன செய்வார் என்று தெரியாமல்தான் சொன்னேன். நெஞ்சுத் தையலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அந்தச் சோளக்காரியா?"

"ஆமா."

"கல்லு மேல வெச்சு எடுத்தியா?"

"ஆமா."

"கையில வாங்கியிருக்கலாம்ளா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சகுனம் பார்க்கிற மனுஷர் சொன்னது எனக்கு நெஞ்சில் தைத்தது.

இதற்குள் கோவிலில் கதை வேறு மாதிரி கிளம்பிவிட்டது. கிளப்பினது மதினி. ஆபரேஷன் நல்லபடி முடிந்த சந்தோஷத்தில் வெள்ளிக்கிழமை பூஜையில் சொல்லியிருக்கிறாள். ஆற்றில் போன தாலியை ஒரு பெண் வந்து எடுத்துக் கொடுத்தாள், சிவப்புப் புடவை, நெற்றி நிறையக் குங்குமம், திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம் என்று. அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணின் காலில் சலங்கை வந்துவிட்டது. ஒரு மாசத்தில் விசில் ஊதின போலீஸ்காரர் கறுப்பசாமி ஆகிவிட்டார். என்னைப் பார்க்கிறவர்கள் தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. பேசினால் யார் எடுத்துக் கொடுத்தாள் என்று சொல்ல வேண்டும். சொன்னால், என் கை நின்றதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த ஆடிக்கு இரண்டு பஸ் நிறைய ஆள் அந்தப் பாலத்துக்குக் கிளம்பியது. சுவர்க்கல்லில் மஞ்சள் தடவினார்கள், குங்குமத்தைக் கொட்டினார்கள், குடம் குடமாகப் பால் ஊற்றினார்கள். அந்தப் பெண் அதே தார்ப்பாய்க்கடியில் சோளம் சுட்டுக்கொண்டிருந்தாள். வரிசையில் வந்த ஒருத்தி அவளிடம், "அடுப்ப அங்கன தள்ளு, தேவி வந்த இடம், புகை படக்கூடாது" என்று இந்தியில் அதட்டினாள். அவள் பேசாமல் அடுப்பைத் தள்ளி வைத்தாள். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள்.

"நவரா கசா ஆஹே?" என்று கேட்டாள். உன் புருஷன் எப்படி இருக்கிறார்?

"அச்சா ஹை" என்றேன்.

"பரம் ஜாலம்" என்று சிரித்தாள். நல்லதாயிற்று என்று. அதற்குள் பின்னால் வந்த கூட்டம் என்னைத் தள்ளிக்கொண்டு போனது. இவள்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஆற்றின் பெயரை நான் எழுதாததற்கு அதுதான் காரணம். எழுதினால் இன்னும் நாலு பஸ் கூடுதலாகப் போகும், அவள் அடுப்பை இன்னும் தள்ளி வைக்க வேண்டியிருக்கும்.

போன மாசம் மதினிக்குப் போன் செய்தேன். இப்போது மகனோடு அம்பர்நாத்தில் இருக்கிறாள். உள்ளது உள்ளபடி எழுதப்போகிறேன் என்றேன்.

"நான் பயந்துதாம்ட்டி மாத்திச் சொன்னேன். தாலி அறுத்தவ எடுத்துக் குடுத்தான்னு சொன்னா நம்ம ஆளுக சும்மா இருப்பாளுவளா? அண்ணனுக்கு ஒரு தும்மல் வந்தாலும் அதுனாலதாம்பாளுவ. நீ அத வருஷம் பூரா கேட்டுக்கிட்டு இருக்கணும்."

"தெரியும் மயினி. ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

"அப்ப எழுது. எம் பேரப் போடாத. நானும் ஒரு காலப் பிடிச்சேன், அத மட்டும் மறக்காம எழுது."

எழுதிவிட்டேன் மதினி.

அம்மன் காப்பாற்றவில்லை என்று நான் சொல்லவில்லை. இன்றைக்கும் என் நம்பிக்கை அதுதான். ஆனால் அவள் யாரை அனுப்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அனுப்பின ஆளை நாம் மாற்றுவது அவளுக்கே கணக்குச் சொல்லிக் கொடுக்கிற மாதிரி இருக்கிறது. என் வீட்டுக்காரர் இப்போது பட்டறைக்குப் போய் வருகிறார். மாடிப்படி ஏறி இறங்குகிறார். இதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். "சரியா இருக்கு" என்றார். நோட்டை மூடும்போது தலையிலிருந்து தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்த மாதிரி இருக்கிறது.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள். அவளுக்குச் சிவப்புப் புடவை கட்டாதீர்கள், வெளுத்த பச்சைதான். நெற்றியில் குங்குமம் வைக்காதீர்கள். போலீஸ்காரர் போலீஸ்காரராகவே இருக்கட்டும். என்னை நல்லவளாக்கவும் வேண்டாம். அவள் நீட்டினாள், நான் வாங்கவில்லை, கல்லின் மேலிருந்துதான் எடுத்தேன் என்றே சொல்லுங்கள்.